கலங்கலைப் பார்த்தீர்களா?

வீடு கட்டுவோர் கேள்வி – பொறியாளர் பதில்

கேள்வி: ஐயா, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். மதுராந்தகம் – உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்தில் ஏரியை ஒட்டி 50க்கு 105 அடி மனை, 12 சென்ட், வாங்கியிருக்கிறேன். பட்டா என் பெயரில் உள்ளது. ஏரியைப் பார்த்தபடி முழுக் கண்ணாடி வைத்த மாடி வீடு, தண்ணீரில் இறங்கப் படிக்கட்டு, சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர் என்று திட்டம். மனையை நாலடி உயர்த்திவிட்டால் வெள்ள பயம் இல்லை என்கிறார் விற்றவர். என் மனைவிக்கு மனசே இல்லை. நாலடி போதுமா, ஐந்தடி வேண்டுமா? செப்டிக் டேங்கை எங்கே வைப்பது?

– வாசகர், தாம்பரம்

பதில்: முதலில் உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதைப் பார்த்தவர் பயப்படாமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

நாலடி என்கிறாரே, எதிலிருந்து நாலடி? ரோட்டிலிருந்து என்பார். ரோட்டின் உயரம் ஏரிக்கு ஒரு பொருட்டே இல்லை. ஏரிக்குத் தெரிந்த மட்டம் ஒன்றுதான். அது கலங்கல். ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் இடம். அதன் உச்சி எந்த உயரமோ, அதுதான் ஏரியின் நிறை மட்டம். நீங்கள் மனையைப் பத்து முறை பார்த்திருப்பீர்கள், கலங்கலை ஒரு முறையாவது போய்ப் பார்த்தீர்களா? அது உங்கள் மனையிலிருந்து ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம். ஏரித் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் ஊர் நீர்கட்டியைக் கேட்டால் கூட்டிக்கொண்டு போவார்.

போனதும் இன்னொன்றைக் கவனியுங்கள். பழைய கலங்கல்களின் மேல் கருங்கல் துண்டுகள் பல் வரிசை மாதிரி நட்டு நிற்கும். மழை முடியும் தறுவாயில் ஊர்க்காரர்கள் அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணும் வைக்கோலும் அடைத்து இன்னும் ஓரடி, ஒன்றரை அடித் தண்ணீரைப் பிடித்து வைப்பார்கள். அவர்கள் பயிருக்கு அது உயிர். ஆகவே கல்லின் அடியை அளக்காதீர்கள், கல்லின் தலையை அளக்க வேண்டும். பெருவெள்ளத்தில் கலங்கல் மேல் தண்ணீர் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு வழிந்து ஓடும்போது ஏரி அதற்கும் மேலேதான் நிற்கும்.

ஒரு சர்வேயரைப் பிடியுங்கள். மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியும் ‘ஸ்டாஃப்’ என்கிற அளவுகோலும் எடுத்துக்கொண்டு கலங்கல் உச்சியிலிருந்து உங்கள் மனை வரை மட்டத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அப்புறம் மனைக்குள் ஓரடி உயரத்துக்கு ஒரு கோடாக, ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமமட்டக் கோடுகள் வரையட்டும். வீட்டுக்கு முதல் வரைபடம் அதுதான். படுக்கையறை எங்கே, பூஜையறை எங்கே என்பதெல்லாம் அந்தக் கோடுகள் வந்த பிறகு.

கருவி சொல்வதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பனைமரங்களைப் பாருங்கள். வெள்ளம் நின்று வடிந்த இடத்தில் அடிமரத்தில் வெளுத்த சேற்று வரி ஒன்று படிந்திருக்கும். சில வருஷங்களில் மங்கிவிடும், ஆனால் ஆடு மேய்க்கும் பெரியவர்களுக்கு மங்காது. “2015-ல் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது?” என்று கேளுங்கள். வயதான ஓர் அம்மா எனக்கு வாயால் பதில் சொல்லவில்லை. மரத்தருகே போய் நின்று, கையைத் தன் இடுப்புக்கு மேல் வைத்துக் காட்டினார். நான் டேப் வைத்து அளந்தேன்: மூன்றடி இரண்டு அங்குலம். கருவி சொன்னதற்கும் அவர் கைக்கும் இரண்டு அங்குலம்தான் வித்தியாசம்.

உங்கள் மனை ஏரியின் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. படிக்கட்டில் இறங்கினால் தண்ணீர் என்பதை வைத்துப் பார்த்தால், கரைக்கு எதிர்ப்பக்கம், அதாவது நீர் வந்து சேரும் பக்கம் என்று நினைக்கிறேன். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதியில் நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்காகச் சரியும். அதனால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்கே, நீர்வரத்து மேற்கே. உங்கள் மனைக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் வரும் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். முன்னால் ஏரி ஏறி வரும். பின்னால் மேட்டு நிலத்து மழைநீர் ஏரிக்குப் போக உங்கள் மனை வழியாக இறங்கி வரும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். 2009-ல் இதே மாதிரி ஓர் ஏரியோரத்தில் ஒருவருக்கு வீடு கட்டிக் கொடுத்தேன். நாலரை அடி மண் நிரப்பி, சுற்றிலும் ஆறடிச் சுவர். கிரகப்பிரவேசத்தன்று என்னை எல்லாரும் பாராட்டினார்கள். 2015 டிசம்பரில் ஏரி அந்த வீட்டுக்குள் வரவே இல்லை. பின்பக்கத்து வயல்களிலிருந்து வந்த தண்ணீரை என் சுவர் அணை மாதிரி தடுத்து நிறுத்தியது. பக்கத்துக் கீரைத் தோட்டத்தில் இடுப்பளவு. ராத்திரி சுவர் நாற்பதடி நீளத்துக்குச் சாய்ந்தது. அதற்கு முந்தின வாரம்தான் லாரி வைத்து செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்திருந்தார்கள். காலி டேங்க், சுற்றிலும் நிலத்தடி நீர். தொட்டி படகு மாதிரி ஒன்றரை அடி மேலே எழும்பி, குழாயைப் பிய்த்துக்கொண்டு கோணலாக நின்றது. வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. கீரைத் தோட்டக்காரர் திட்டினார். அவர் திட்டியது சரி.

நாலடி மண் என்றால் என்ன கணக்கு தெரியுமா? 50 × 105 × 4. மொத்தம் 21,000 கன அடி, 210 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் 70 நடை, அதுவும் மண் அமுங்குவதைக் கணக்கில் சேர்க்காமல். அந்த மண் எங்கோ ஒரு நிலத்தைத் தோண்டி வரப்போகிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வெள்ளம் நாலடி நிற்கும் நாளில் உங்கள் மனையில் நிற்க வேண்டிய சுமார் 6 லட்சம் லிட்டர், அதாவது 50 டேங்கர் லாரித் தண்ணீர், பக்கத்து வீட்டுக்குப் போகும். பக்கத்து மனைக்காரரும் நாலடி நிரப்பினால்? ஆகவே நாலடியும் வேண்டாம், ஐந்தடியும் வேண்டாம். மண்ணே நிரப்பாதீர்கள்.

வீட்டைத் தூண்மேல் நிறுத்துங்கள், தண்ணீர் அடியில் போகட்டும். ஏரியோரத்துக் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். சாதாரண அஸ்திவாரம் அந்த ஆட்டத்துக்குத் தாங்காது. அடியில் குடம் மாதிரி அகன்ற ‘அண்டர் ரீம்டு பைல்’ இந்த மாதிரி மண்ணுக்கென்றே ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் உருவாக்கிப் பரப்பியது. எத்தனை, எவ்வளவு ஆழம் என்பதை மண் பரிசோதனை பார்த்து முடிவு செய்ய வேண்டும். மேஸ்திரி ஊகத்துக்கு விடாதீர்கள். பைல்களை இணைக்கும் பீமுக்கு அடியில் களிமண் உப்ப இடைவெளி விட வேண்டும். அதை மட்டும் நின்று பாருங்கள், மறந்துவிடுவார்கள். தரைத்தளத்தின் மட்டம், உங்கள் ஊர்ப் பனைமரத்து வரிக்கு மூன்றடி மேலே. காம்பவுண்டுச் சுவர் கிடையாது. கம்பி வேலி போட்டு, அதை ஒட்டி நொச்சியும் ஆடாதோடையும் வையுங்கள். ஆடு கடிக்காது, தண்ணீர் ஊடே போகும்.

வீடு எங்கே? ஏரியிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, மனையின் மேட்டுப் பக்கத்தில். நீர்நிலையோரக் கட்டட அனுமதியில் 15 மீட்டர் என்ற எண் அடிக்கடி வரும். அதிகாரிகள் அதற்கு மேலும் கேட்கலாம். 15 மீட்டர் என்றால் 49 அடி. உங்கள் 105 அடியில் 56 அடி மிச்சம். 900 சதுர அடிக்கு வீடு கட்ட அது தாராளம். முன்னால் விட்ட 49 அடியில் புல்தரை போட்டு உரம் தூவாதீர்கள், அந்த உரம் முதல் மழையிலேயே ஏரிக்குப் போய் ஆகாயத்தாமரையை வளர்க்கும். நீர்மருது நாலு, புங்கன் இரண்டு, தண்ணீர் பக்கம் வெட்டிவேரும் கோரையும் போதும். மரத்தின் நடுவே தெரிகிற ஏரிதான் அழகு என்பது என் கட்சி. ஒரேயடியாக முழுசும் தெரிந்தால் மூன்றாம் நாள் நீங்களே பார்க்க மாட்டீர்கள்.

கண்ணாடிச் சுவர் விஷயம். உங்கள் வீடு கிழக்கே ஏரியைப் பார்க்கும் என்றால், காலை ஏழு மணிக்கு ஒரு சூரியன் வானத்திலிருந்தும் இன்னொன்று தண்ணீரிலிருந்தும் கண்ணில் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அதே பக்கமாகச் சாய்ந்து அடிக்கும். நல்லது என்னவென்றால், மாலைக் கடல்காற்றும் அந்தப் பக்கமிருந்துதான் தண்ணீரைத் தடவிக்கொண்டு வரும். எனவே கண்ணாடிச் சுவருக்குப் பதிலாக ஏரிப் பக்கம் எட்டடி ஆழத்துக்கு ஒரு தாழ்வாரம், கூரை நாலடி வெளியே நீண்டு தாழ்ந்து இறங்கட்டும், உள்ளே ஒரு திண்ணை. உட்கார்ந்தால் கூரை விளிம்புக்குக் கீழே தண்ணீர் மட்டும் தெரியும்.

படிக்கட்டு வேண்டவே வேண்டாம். உங்கள் எல்லைக்கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள இடம் பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு. கட்டினால் ஆக்கிரமிப்பு. அதற்கென்றே 2007-ல் சட்டம் போட்டு ஏரிகளை அளந்து ஆக்கிரமிப்பை அகற்றி வருகிறார்கள். அது கிடக்கட்டும், மே மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் படிக்கட்டின் கடைசிப் படியிலிருந்து தண்ணீர் முந்நூறு மீட்டர் தள்ளிப் போயிருக்கும். நடுவில் வெடித்த களிமண், பத்து எருமை, பையன்களின் கிரிக்கெட். விளம்பரத்தில் ‘லேக் வியூ’ என்று போட்டவர் டிசம்பரில் போட்டோ எடுத்தவர். நாலு மாதம் தண்ணீர், நாலு மாதம் சேறு, நாலு மாதம் மைதானம் என்று ஒத்துக்கொண்டு கட்டினால்தான் அங்கே சந்தோஷமாக இருக்க முடியும்.

செப்டிக் டேங்க். அதை மேட்டுப் பக்கம், ஏரியிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் வையுங்கள். மிதக்காதபடி அடித்தளத்தை அகலமாகப் போட்டு மேலே மண் எடை ஏற்ற வேண்டும், மழைக்காலத்தில் காலி செய்யக் கூடாது. உறிஞ்சு குழி கூடாது. நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் உறிஞ்சு குழி உறிஞ்சாது, உமிழும். டேங்கிலிருந்து வருவதை, அடியில் தண்ணீர் இறங்காத விரிப்புப் போட்ட சரளைப் படுகையில் விட்டு, கல்வாழையும் சம்பும் நடுங்கள். ஆளுக்கு 3 சதுர மீட்டர் என்று நான் கணக்குப் போடுவேன். நீங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் வந்தால் ஐந்து, ஆக 15 சதுர மீட்டர். அதிலிருந்து வெளியேறும் நீரை வாழைக்கு விடலாம், ஏரிக்கு விடக் கூடாது. மனசு வைத்தால் உலர் கழிப்பறையும் உண்டு. திருச்சி மாவட்டம் முசிறியில் பொதுக் கழிப்பறையே அப்படி நடத்திக் காட்டியிருக்கிறார்கள். உங்கள் வீட்டம்மா சம்மதிப்பாரா என்பது எனக்குத் தெரியாது, என் வீட்டில் சம்மதிக்கவில்லை.

இப்போது காகிதங்கள். பட்டா உடைமைக்குச் சான்று, மேடா பள்ளமா என்பதற்குச் சான்று அல்ல. தண்ணீர் ஏறும் பட்டா நிலங்கள் ஏரியோரங்களில் நிறைய உண்டு. கிராமத்து நிலங்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கும் ‘அ’ பதிவேட்டில் உங்கள் சர்வே எண்ணோடு நாலு பக்கத்து எண்களையும் பாருங்கள். பழைய கிராம வரைபடத்தில் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எதுவும் உங்கள் மனையை உரசிப் போகிறதா என்று பாருங்கள். சர்வே எண்ணுக்கான புலப்படத்தில் கோடாக இருக்கும், தரையில் சோளக்காடாக இருக்கும். விற்றவர் ‘அப்ரூவ்டு’ என்றால் ஊராட்சி முத்திரையா, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண்ணா என்று கேளுங்கள். ஏரி யார் பொறுப்பில் என்றும் விசாரியுங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரியால் பாசனம் பெறும் நிலம், நூறு ஏக்கருக்குக் குறைந்தால் பொதுவாக ஊராட்சி ஒன்றியம், மேலே போனால் நீர்வளத்துறை. வெள்ளம் சூழாது என்கிற தடையின்மைச் சான்றை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, உங்கள் பகுதிக்கே உரியது. வேடந்தாங்கல் அங்கேதான் இருக்கிறது. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம். 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸ் அந்த ஊரார் கேட்டுக்கொண்டபடி பறவைகளைச் சுடக் கூடாது என்று உத்தரவு எழுதிக் கொடுத்தார். 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. உங்கள் மனை அந்த வட்டத்துக்குள் வந்தால் வனத்துறையிடம் கேட்காமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். ஈரநில விதிகள் 2017 வேறு இருக்கின்றன. ராம்சர் தலங்களிலும் அறிவிக்கப்பட்ட ஈரநிலங்களிலும் பத்தாண்டு சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடத்துக்கு அவை தடை போடுகின்றன. பாசனத்துக்கென்று வெட்டிய ஏரிகளுக்கு அந்த விதி பொருந்தாது என்று புரோக்கர் சொல்வார். விதியில் அப்படி விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் வட்டத்துக்கு வெளியே உங்கள் ஏரி இருந்தாலும், வேடந்தாங்கலில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் இரை தேடி வருவது உங்கள் ஏரி போன்ற சின்ன ஏரிகளுக்குத்தான். அவற்றுக்கு விதி எண் தெரியாது. வாசல் விளக்கை மூடிபோட்டுத் தரையைப் பார்க்க வையுங்கள், மஞ்சள் நிறத்தில். ஈசல் மொய்க்கும் வெள்ளை ஃபோகஸ் லைட்டை ஏரிப்பக்கம் திருப்பாதீர்கள்.

முன்பணம் கொடுத்த காண்டிராக்டரிடம் இதையெல்லாம் சொன்னால் முகம் சுளிப்பார். மட்ட வரைபடம் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். கலங்கல் மட்டத்துக்குக் கீழே மனையில் பாதிக்கு மேல் கிடந்தால், கட்டவே வேண்டாம் என்றுதான் எழுதுவேன். இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: நான் கட்டடக்கலை மாணவி. அப்படியானால் நீர்நிலையோரத்தில் பெரிய கட்டடமே கூடாதா?

– வாசகி, திருச்சி

பதில்: இரண்டு இடங்களை அடுத்தடுத்துப் படியுங்கள். இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே, பழைய கண்டலமைக் குளத்தைப் பார்த்தபடி கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த விடுதி 1994-ல் திறக்கப்பட்டது. முதலில் காட்டிய இடம் சிகிரியாவுக்குப் பக்கம். அதை வேண்டாம் என்று இடத்தையே மாற்றச் சொன்னவர் அவர். அப்படியும் எதிர்ப்பு பலமாகத்தான் இருந்தது. கட்டடம் தண்ணீரோரத்தில் இல்லை, பாறையை ஒட்டித் தூண்மேல் நிற்கிறது. கொடிகள் மூடி, குளத்திலிருந்து பார்த்தால் கட்டடமா குன்றா என்று தேட வேண்டும். கொச்சிக்கு அருகே மரடில் காயலோரத்தில் நின்ற நாலு அடுக்குமாடித் தொகுப்புகளை 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள், கடலோர ஒழுங்காற்று விதிகளை மீறியதாக 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி. உள்ளூர் அனுமதி வாங்கித்தான் கட்டினார்கள், காசு கொடுத்து வாங்கியவர்கள் குடியிருந்தார்கள். பாவாவின் விடுதியில், கட்டடம் நிலத்தின் மேல் எப்படி நிற்கிறது என்று காட்டும் குறுக்குவெட்டு வரைபடத்தை முதலில் பாருங்கள், தரைத்தள வரைபடத்தை அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: ஏரியைப் பார்த்த எங்கள் வீட்டு ஜன்னலில் மீன்கொத்தி மோதிச் செத்துவிட்டது. பருந்துப் படம் ஒட்டியும் பயனில்லை.

– வாசகி, காஞ்சிபுரம்

பதில்: ஒரு படம் ஒட்டினால் பறவை அதைச் சுற்றிக்கொண்டு அடுத்த கண்ணாடியில் மோதும். கண்ணாடியின் வெளிப்பக்கம் இரண்டு அங்குல இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ முழுக்க வர வேண்டும். மலிவான வழி கொசுவலை, அதையும் வெளிப்பக்கமாக.

கேள்வி: எங்கள் ஊர் ஏரிக்கரை மேல் மரம் நட இளைஞர்கள் சேர்ந்திருக்கிறோம். ஆலும் அரசும் நடலாமா?

– வாசகர், உத்திரமேரூர்

பதில்: ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே ஏரியைப் பராமரிக்க ஏரி வாரியம் என்ற குழுவைத் தேர்ந்தெடுத்த ஊர்க்காரர் நீங்கள், கல்வெட்டு உங்கள் கோயிலிலேயே இருக்கிறது. கரை மேல் ஆல், அரசு வேண்டாம் தம்பி. பெரிய வேர் ஒருநாள் செத்து மக்கினால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் கசியும், அப்புறம் கரை உடையும். கரைக்குப் பனைதான். சல்லிவேர் மண்ணைப் பிடிக்கும். ஆவணி, புரட்டாசியில் விழும் பனங்கொட்டையைப் பொறுக்கி, ஐப்பசி மழைக்கு முன்னே கரையின் வெளிச்சரிவில் பத்தடிக்கு ஒன்றாகப் புதையுங்கள். மதகுக்கும் கலங்கலுக்கும் இரண்டு பக்கமும் இருபதடி விட்டுவிடுங்கள். ஆலும் அரசும் நட ஆசையாக இருந்தால் பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது.